வெறுஞ்சத்தம் என்றொரு ஃபோல்டர்

பிரகாஷ் என்னைக் கட்டுரை எழுதச் சொன்னதே என் வாயை அடைக்கத்தான். அது எனக்குத் தெரியும். தர்மபுரியில் நான் காலமெல்லாம் வேலை பார்த்த ஸ்டுடியோவுக்கு இப்போது அவன்தான் முதலாளி. ஓய்வு பெற்ற பிறகும் சும்மா வீட்டில் கிடக்காமல் அங்கே போய் உட்கார்ந்துகொண்டு, "அந்த ஃபோல்டர் இருக்குதா, அழிச்சுட்டீங்களா?" என்று வருகிற போகிற பையன்களையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? எங்கள் மாவட்ட வீடியோக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் பையன்கள் என் வேலையைப் பற்றிக் கேட்கிறார்களாம். கம்ப்யூட்டரில் ஃபைல்கள் தானாகப் பிரிந்துகொள்கிற மாதிரி நான் எழுதிய ஸ்கிரிப்டைப் பற்றியும், என் சர்வீஸைப் பற்றியும் எழுதிக் கொடுத்தால் அந்த ஃபோல்டரை யாரும் தொடாமல் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். பேரம் படிந்தது. எழுதுகிறேன்.

என் படிப்பு, பயிற்சி பற்றியெல்லாம் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. பாலக்கோட்டில் ரேடியோ, டேப்ரெக்கார்டர் ரிப்பேர் செய்துகொண்டிருந்தேன். ரிப்பேருக்கு ஆள் வருவது நின்றதும் மாதப்பன் மாஸ்டர் என்னைக் கூப்பிட்டுக்கொண்டார். அவர் மெட்ராஸில் ஒரு டப்பிங் தியேட்டரில் உதவியாளராக இருந்து, ஊர் திரும்பி, கல்யாண வீடியோ எடுக்க ஸ்டுடியோ ஆரம்பித்தவர். கேசட், சிடி, கம்ப்யூட்டர் என்று ஒவ்வொன்றாக மாறியபோது அவர் கற்றுக்கொண்டதை நானும் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். அவ்வளவுதான் என் பயிற்சி.

மாஸ்டர் சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைப்பார். அதற்கே நாங்கள் செய்த வேலையைத் திரும்ப முதலிலிருந்து ஆரம்பிப்போம். வேலை பிடித்திருந்தால் "ம், கேக்குது" என்பார். அதற்கு மேலே ஒரு வார்த்தை பாராட்டு அவர் வாயிலிருந்து வந்ததே இல்லை. அந்த "ம், கேக்குது"க்காக நாங்கள் எதையும் செய்வோம். இப்போது யாராவது ஒருமுறை அதைச் சொல்ல மாட்டார்களா என்று இருக்கிறது.

கல்யாண வீடியோ என்றால் சினிமாப் பாட்டைப் போட்டு ஒப்பேற்றுகிற காலம் அது. மாஸ்டர் மட்டும் விசேஷ வீட்டுக்குப் போன உடனே, கூட்டம் சேருவதற்கு முன்னால், ஜெனரேட்டர் போடுவதற்கு முன்னால், மேளக்காரர் மேளத்தின் துணியுறையை அவிழ்ப்பதற்கு முன்னால், அந்த இடத்தின் வெறும் சத்தத்தைப் பதிவு செய்வார். சினிமாக்காரர்கள் அதை ஆம்பியன்ஸ் என்பார்கள். மாஸ்டருக்கு அது வெறுஞ்சத்தம். யாரும் பேசாத, எதுவும் நடக்காத சத்தம்.

அதற்கு ஒரு முறை வைத்திருந்தார். துண்டை நான்காக மடித்துத் தரையில் போட்டு அதன்மேல் ரெக்கார்டரை வைப்பார். செருப்பு எல்லாம் வெளியே. சட்டைப்பையில் இருக்கிற சில்லறையைக் கைக்குட்டையில் முடிந்து ஜீப்பில் வைத்துவிட வேண்டும். ஃபோனும் ஜீப்பில்தான். வளையல் போட்ட பெண்களிடம், "தாயி, ஒரு நிமிசம் அந்தப் பக்கமா நின்னுக்குங்க" என்று அவரே போய்க் கெஞ்சுவார். பிறகு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உள்ளங்கையை உயர்த்துவார். கை இறங்குகிற வரைக்கும் ஒருவரும் அசையக் கூடாது. கை இறங்கியதும், "போதும், இருமுறவங்க இருமிக்கலாம்" என்பார். அதுவரை அடக்கி வைத்திருந்த இருமலெல்லாம் அப்போது ஒன்றாக வரும்.

இது எதற்கு என்று கேட்கலாம். தாலி கட்டும் நேரத்தில் ஒருவர் தும்முவார், இன்னொருவர் சமையல்காரரைத் திட்டுவார். அதை வெட்டி எடுத்தால் அந்த இடத்தில் குழி விழும். சுத்தமாகச் சத்தமே இல்லாத குழி. பார்க்கிறவர்களுக்குக் காரணம் தெரியாது, ஆனால் காது இடறும். அந்தக் குழியை அதே இடத்து வெறுஞ்சத்தத்தால்தான் அடைக்க முடியும். இண்டூர் வயக்காட்டு வீட்டு மௌனத்தைக் கொண்டுபோய்க் கம்பைநல்லூர் மண்டபத்தில் ஒட்டினால் நிற்காது. இண்டூரில் தூரத்தில் ஒரு கிணற்று மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். கம்பைநல்லூரில் மின்விசிறி முனகும். தீர்த்தமலை அடிவாரத்தில் ஒரு குரங்கு துண்டோடு ரெக்கார்டரை இழுத்துக்கொண்டு போகப் பார்த்தது. அந்தப் பதிவைக் கேட்டால் மாஸ்டர் மூச்சை அடக்கிக்கொண்டு அதை விரட்டுவது தெரியும். அப்போதும் அவர் வாயைத் திறக்கவில்லை.

இதெல்லாம் இப்போது வேண்டியதில்லை. சாஃப்ட்வேரே குழியை அடைத்துவிடுகிறது. நன்றாகவே அடைக்கிறது, குறை சொல்ல மாட்டேன்.

மாஸ்டருக்குப் பிள்ளைகள் கிடையாது. மனைவி முன்னாலேயே போய்விட்டார். ஒருநாள் காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றார், சேலத்துக்குக் கொண்டுபோகிற வழியிலேயே முடிந்துவிட்டது. ஸ்டுடியோவை, எங்கள் கேமராமேனாக இருந்த பிரகாஷ் எடுத்து நடத்தினான். நானும் இருந்தேன். ஆனால் பக்கத்து நாற்காலி காலியாக இருக்க, ஒரு வேலையை முடித்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கிற பழக்கத்தை மட்டும் விட முடியவில்லை. அவரை நினைக்காத நாள் இல்லை என்று சொன்னால் அது வாய் வார்த்தை இல்லை.

அந்தச் சமயத்தில்தான் ஹார்ட் டிஸ்குகள் எல்லாம் நிரம்பி வழிந்தன. மாஸ்டரின் ஏற்பாடு என்னவென்றால், ஒரு விசேஷத்துக்கு ஒரு ஃபோல்டர். பெயரில் முதலில் ஊர், பிறகு என்ன விசேஷம் என்பது. உள்ளே ஃபோட்டோ, வீடியோ, சத்தம், ஆல்பம் டிசைன், பாட்டு, ஸ்கேன் செய்த பத்திரிகை எல்லாம் ஒரே கூடையில் கொட்டின மாதிரி கிடக்கும். அவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கத் தெரியும். பிரகாஷுக்குத் தலை சுற்றியது. வகைவகையாகப் பிரித்துத் தரச் சொன்னான்.

கையால் பிரித்தால் என் ஆயுசு போதாது. யூடியூபில் ஒரு பெண் பைத்தான் என்ற மொழியைத் தமிழில் சொல்லிக் கொடுக்கிறாள். அந்தப் பெண் நன்றாக இருக்க வேண்டும். அவள் புண்ணியத்தில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். ஒரு பக்கம் கூட வராது. அது செய்கிற வேலை சுலபம்: ஒவ்வொரு ஃபைல் பெயரிலும் கடைசிப் புள்ளிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கும். ஜேபெக் என்றால் படங்கள் ஃபோல்டருக்கு. எம்பி4 என்றால் வீடியோவுக்கு. எம்பி3 என்றால் பாட்டுக்கு. ரெக்கார்டரில் பிடித்த வேவ் என்றால் தனியாக ஒரு ஃபோல்டருக்கு.

பையன்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. நம் கேமராவும் ரெக்கார்டரும் கார்டை அழித்துப் போடும்போதெல்லாம் ஒன்றாம் நம்பரிலிருந்து பெயர் வைக்கத் தொடங்கும். எல்லாக் கல்யாணத்திலும் ஒரே பெயரில் ஃபைல் இருக்கும். அப்படியே ஓரிடத்தில் கொண்டுபோய்ப் போட்டால், பின்னால் வருவது முன்னால் இருப்பதைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். ஒரு வீட்டுப் பெண்ணை இன்னொரு வீட்டுப் பெண் விழுங்கினால் யார் பதில் சொல்வது? அதனால் நகர்த்துவதற்கு முன்னால் பழைய ஃபோல்டரின் பெயரை ஃபைல் பெயருக்கு முன்னால் ஒட்டிவிடச் சொல்லியிருந்தேன். முதல் ஓட்டத்தில் எதையும் நகர்த்தாமல், எது எங்கே போகும் என்று திரையில் எழுதிக் காட்ட மட்டும் வைத்தேன். அதைப் படித்துச் சரிபார்த்த பிறகுதான் நிஜமாக ஓடவிட்டேன். ஊர்ப் பெயர்களாகத் திரையில் ஏறிக்கொண்டே போனது. பென்னாகரம், இண்டூர், கடத்தூர், மொரப்பூர். நாங்கள் ஜீப்பில் போன ஊர்கள் எல்லாம்.

முடிந்ததும் அந்த வேவ் ஃபோல்டரைத் திறந்தேன். எங்களிடம் வேவ் ஃபைல் எடுத்தது மாஸ்டரின் ரெக்கார்டர் ஒன்றுதான். ஊர் ஊராகச் சிதறிக் கிடந்த வெறுஞ்சத்தம் எல்லாம் முதல்முறையாக ஓரிடத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. ஃபோல்டருக்கு அந்தப் பெயரையே வைத்தேன்.

பிரகாஷ் எட்டிப் பார்த்தான். பேச்சு இல்லை, பாட்டு இல்லை, இடத்தை மட்டும் அடைத்துக்கொண்டு கிடக்கிறது, அழித்துவிடலாம் என்றான். அவன் சொன்னது நியாயம்தான். ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்துவிட்டு நானே அழிக்கிறேன் என்று தவணை வாங்கினேன். உண்மையில் எனக்கு அழிக்கிற எண்ணமே இல்லை. மாஸ்டருக்கு ஒரு பக்க மூக்கில் லேசாக விசில் அடிக்கும். ஹெட்ஃபோனில் உற்றுக் கேட்டால், கோழிச் சத்தத்துக்கும் காற்றுக்கும் நடுவே அந்த விசில் எல்லா ஊரிலும் இருந்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரியே இருக்கும். சாப்பாட்டு நேரத்தில்கூட நான் எழுந்திருக்கவில்லை.

அப்படிக் கேட்டுக்கொண்டிருந்த நாட்களில்தான் அலமேலு வந்தாள். சித்தேரி மலையில் பிறந்து அரூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்ட பெண். அவள் கல்யாணத்துக்கு நாங்கள்தான் வீடியோ. மாப்பிள்ளை வீட்டார் பெண்ணழைக்க மலைக்குப் போனபோது கூடவே நாங்களும் விடியற்காலையில் போயிருந்தோம். இப்போது அவள் அப்பா வெள்ளையன் இறந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. முதல் தெவசம். படையல் போட்டுக் கும்பிட ஒரு படம் வேண்டும், வீட்டில் ஒன்றுகூட இல்லை.

ஆதார் அட்டையில் இருக்குமே என்றேன். அவள் பையிலிருந்து ஃப்ரேம் போட்ட ஒரு படத்தை எடுத்து வைத்தாள். அட்டைப் படத்தைப் பெரிதாக்கியிருந்தார்கள். கண் இரண்டும் புகைந்துபோய், தாடை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, போலீஸ் ஸ்டேஷன் சுவரில் ஒட்டியிருக்கிற படம் மாதிரி இருந்தது.

"அம்மா இதைப் பார்த்துட்டு, இந்த ஆளு யாருன்னே எனக்குத் தெரியாது, இவனுக்கு நான் சோறு படைக்க மாட்டேன்னு சொல்லிடுச்சுங்கண்ணா. செவுத்துப் பக்கமாத் திருப்பி வச்சிருச்சு. எங்கப்பா ஒரே ஒரு எடத்துல இருந்தாப் போதுங்க. அவரு வூட்டுக்கு வர்றதுக்கு ஒரு வழி வேணும்."

உட்காரச் சொல்லி, படங்கள் ஃபோல்டரில் சித்தேரி என்று தட்டினேன். எல்லாம் வரிசையாக வந்து நின்றன. அலமேலு திரைக்குப் பக்கத்தில் வந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கூட்டத்தின் ஓரத்தில் துண்டு போட்ட ஒரு தோள். பித்தளைத் தவலைக்குப் பின்னால் மறைந்த ஒரு முகம். தாம்பாளத்தை நீட்டுகிற ஒரு கை. வீடியோவில் ஒரு முதுகு ஆட்டுப்பட்டியைப் பார்த்து வேகமாகப் போகிறது. கேமராவைக் கண்டாலே அந்த மனுஷனுக்கு ஏதாவது வேலை ஞாபகம் வந்துவிடும் போலிருக்கிறது. "கை அப்பாதுதான்" என்று சொல்லிவிட்டு அலமேலு அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிரகாஷ் பாவம், உதவத்தான் நினைத்தான். ஆதார் படத்தைக் கொடுத்தால் ஏஐ தெளிவாக ஒரு முகம் செய்து கொடுக்கும் என்றான். அவள் கொஞ்சம் யோசித்தாள். "மறுபடியும் வேற ஆளுதானுங்களே வருவாரு?" என்று கேட்டுவிட்டு ஃப்ரேமைப் பைக்குள் வைக்கப் போனாள்.

அவள் எழுந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. வெறுஞ்சத்தம் ஃபோல்டரைத் திறந்து அதே பெயரைத் தட்டினேன். சித்தேரிக்கு இரண்டு ஃபைல் இருந்தது. மாஸ்டர் ஒரு வாசலுக்கு ஒன்றுதான் எடுப்பார். அன்றைக்கு ஜீப்பருகே நின்றிருந்த எங்களிடம் வந்து, முதல் டேக் கெட்டுவிட்டது, இன்னொன்று எடுத்தேன் என்று சொன்னது ஞாபகம் வந்தது. ஏன் கெட்டது என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அந்த முதல் ஃபைலை ஸ்பீக்கரில் போட்டேன்.

கோழி. எங்கோ ஓர் ஆடு. யாரோ குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றுகிறார்கள். மாஸ்டரின் மூக்கு விசில். பிறகு காலடிச் சத்தம் பக்கத்தில் வந்து நின்றது.

"ஏங்க, இங்க ஒண்ணுமே நடக்கலையே. எதைப் புடிக்கிறீங்க?"

"அப்பா" என்று அலமேலு மேசையைப் பிடித்துக்கொண்டாள். மாஸ்டர் கையைத்தான் உயர்த்துவார் என்று நான் நினைத்தேன். நாங்கள் தும்மினாலே கண்ணாடியைக் கழற்றுகிற மனிதர், ரெக்கார்டர் ஓடும்போது பதில் சொன்னார்.

"உங்க வாசலைத்தானுங்க."

"வாசல்ல என்னங்க சத்தம் இருக்குது?"

"இன்னிக்கு இருக்கறது நாளைக்கு இருக்காதுங்களே. பொண்ணு போவுதில்ல."

கொஞ்ச நேரம் கோழி மட்டும். பிறகு வெள்ளையன் பேசினார்.

"காலையில எந்திரிச்சதும் அவதான் கோழிக்கூடையத் தொறந்து வுடுவா. நாளைக்கு நாந்தான் தொறக்கணும். அந்தக் கோழிங்களுக்கு என்னையக் கண்டாலே ஆவாதுங்க."

மாஸ்டர் சிரித்துவிட்டார். அவரும் சிரித்தார். இரண்டு பேரும் சேர்ந்து, மற்றவர்களுக்குக் கேட்டுவிடக் கூடாது என்கிற மாதிரி அடக்கிச் சிரித்தார்கள். சிரிப்பு ஓய்ந்த பிறகு வெள்ளையன் குரல் இன்னும் தாழ்ந்து வந்தது.

"அவ போற வூட்ல கோழி இருக்குதான்னு கேக்க மறந்துட்டனுங்க."

அதோடு ஃபைல் முடிந்தது. அலமேலு அழவில்லை. இன்னொரு தடவை போடச் சொன்னாள். அதையும் கேட்டுவிட்டு, "எங்கிட்ட இப்பிடியெல்லாம் பேசினதே இல்லீங்கண்ணா" என்றாள். அதற்கு அப்புறம்தான் அழுதாள். பிரகாஷ் தண்ணீர் எடுத்துவரப் போகிற சாக்கில் வெளியே போனான். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், எதற்கு மறைக்க வேண்டும்? அவளுக்கு அப்பா கிடைத்தார். எனக்கு மாஸ்டர் சிரிப்பது கிடைத்தது. அத்தனை வருஷம் பக்கத்தில் இருந்தும் அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை.

படம் இல்லாவிட்டால் போகிறது, இதை ஃபோனில் ஏற்றித் தாருங்கள், இலைக்கு முன்னால் வைத்துக்கொள்கிறோம் என்றாள். சரி என்றேன். பிறகு அவள் தயங்கினாள்.

"அந்த ஐயா பேசறது வேணாங்கண்ணா. எங்கப்பா மட்டும் இருக்கட்டும். படையல் நேரத்துல வேத்து ஆளு கொரலு கேட்டா அம்மா ஒத்துக்காது."

எனக்குச் சுருக்கென்றது. வேற்று ஆளா? அவர் ஒருவர் வாயைத் திறந்ததால்தானே உன் அப்பா பேசினார் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். அவள் வீட்டுப் படையல், அவள் அப்பா. அவள் கேட்டதில் தப்பே இல்லை.

மாஸ்டர் குரலை வெட்டினேன். என் கையாலேயே வெட்டினேன். இரண்டு இடத்தில் குழி விழுந்தது. சாஃப்ட்வேரில் ஒரு பொத்தானைத் தட்டினால் அடைத்துவிடும், பிரகாஷும் அதைத்தான் சொன்னான். எனக்கு மனம் வரவில்லை. மாஸ்டர் அன்றைக்கே அதே வாசலில் எடுத்த இரண்டாவது ஃபைலைத் திறந்து, அதிலிருந்து அளவெடுத்து நறுக்கி, அந்தக் குழிகளில் வைத்தேன். மூக்கு விசில் வருகிற இடங்களையும் பார்த்து ஒதுக்க வேண்டியிருந்தது. அவர் எடுத்து வைத்துவிட்டுப் போன மௌனத்தை வைத்தே அவரை மூடினேன். ஓட்டிக் கேட்டால் ஒட்டுப் போட்டது தெரியவே இல்லை. வெள்ளையன் தன் வாசலில் நின்று தானாகப் பேசிக்கொள்கிற மாதிரி இருந்தது. "ம், கேக்குது" என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

சிரிப்பில் வந்து மாட்டிக்கொண்டேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரிக்கிறார்கள். ஒருவரைக் குறைத்தால் மற்றவரும் சேர்ந்து குறைகிறார். சாஃப்ட்வேரில் கொடுத்துப் பார்த்தால் வெள்ளையன் தகர டப்பாவுக்குள்ளிருந்து சிரித்தார். என்னென்னவோ செய்து பார்த்துவிட்டு, ஹெட்ஃபோனை அலமேலுவிடம் கொடுத்து உள்ளதைச் சொன்னேன். அந்த இடத்தில் மட்டும் பிரிக்க முடியவில்லை, வேண்டாமென்றால் சிரிப்பையே எடுத்துவிடலாம் என்றேன். அவள் தரையைப் பார்த்தபடி அந்தச் சிரிப்பைக் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"அது அப்பிடியே இருக்கட்டுங்கண்ணா. எங்கப்பா தனியாச் சிரிச்சு நான் பாத்ததில்ல."

அப்படியே ஏற்றிக் கொடுத்தேன். கிளம்பும்போது அந்த ஐயாவைப் பற்றி விசாரித்தாள், மாஸ்டர் கதையைச் சொன்னேன்.

தெவசம் முடிந்து அவள் ஃபோன் செய்தாள். மலையில் சிக்னல் விட்டு விட்டு வந்ததால் இரண்டு மூன்று தடவை கூப்பிட்டு முழுவதும் சொன்னாள். இலை போட்டு, சாமைச் சோறும் குழம்பும் வைத்து, ஃபோனைத் தண்ணீர்ச் சொம்பின்மேல் சாய்த்து வைத்தார்களாம். வெள்ளையன் குரல் வந்ததும் அவள் அம்மா, இந்த மனுசனுக்கு விடிஞ்சதும் என்ன பேச்சு என்று கடிந்துகொண்டே எதிரில் உட்கார்ந்ததாம். சிரிப்பு வந்த இடத்தில் கையை உயர்த்தி நிறுத்தச் சொல்லி, கூடச் சிரிக்கிறது யார் என்று கேட்டதாம். கல்யாணத்துக்குச் சத்தம் பிடிக்க வந்த ஐயா, அவரும் இறந்துவிட்டார், பிள்ளை குட்டி கிடையாது என்று அலமேலு சொல்லியிருக்கிறாள். அந்தம்மா அவளை நன்றாகத் திட்டியதாம்.

"ரெண்டு பேரு சிரிக்கிறாங்க, ஒரு எலையப் போட்டு வச்சிருக்கிற?"

எழுந்து உள்ளே போய் இன்னோர் இலை எடுத்துவந்து, வெள்ளையன் இலைக்குப் பக்கத்தில் போட்டு, மாஸ்டருக்கும் சோறு வைத்ததாம்.